துருவை வென்ற கைகள்

ஆக்கிய பொருள் எதுவும் ஆக்கியவாறே நிற்பதில்லை. மரத்தைக் கறையான் அரிக்கிறது. துணியைப் பூச்சி அரிக்கிறது. இரும்பைத் துரு தின்கிறது. மிஷன் பள்ளியிலே காலை வழிபாட்டில் நாம் கேட்ட மலைப்பிரசங்கமும், பூமியிற் சேர்த்து வைக்கும் செல்வத்தைப் பூச்சியும் துருவும் கெடுக்குமென்றே எச்சரித்தது. சைவசித்தாந்தம் போதித்த பெரியோரோ, செம்பிற் களிம்பை உவமை கூறி, ஆன்மாவை ஆணவம் அநாதியாகப் பற்றி நிற்கும் வகையை எமக்கு விளக்கினர். களிம்பு செம்புடன் தோன்றுவதாகக் கொள்ளப்படுவது. இரும்பின் துருவோ காற்றும் நீரும் கூடி வெளியிலிருந்து கொணர்வது. வெளியிலிருந்து வந்ததை மனிதனுடைய கைகள் வெளியேற்றலாம். அவ்வாறு வெளியேற்றிய கைகளின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எமது மாவட்டத்துத் தோட்டப்புறங்களிலே, பழைய பங்களாவின் பின்னாலுள்ள கொட்டிலில், கோழிகள் அடையும் இடமாகிவிட்ட மோட்டார் வண்டியொன்றைக் கண்டோர் நம்முட் பலராவர். காற்றுப்போன சக்கரங்கள் மண்ணிற் புதைந்திருக்கும். கதவின் கீழ்ப்பகுதி சல்லடையாகியிருக்கும். "பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாமே" என்போர் ஒருசாரார். "இதைத் திருப்பி ஓட்டிக் காட்டுகிறேன்" என்போர் ஒருசிலர். அந்த ஒருசிலருக்காகவே இவ்வரலாறு.

அமெரிக்க மோட்டார் வண்டி உலகெங்கும் பரந்ததற்கு முதற்காரணர் ஹென்றி போர்ட் என்பவர். அவருடைய "மொடல் ரி" வண்டி 1908ஆம் ஆண்டிலே வெளிவந்தது. 1927ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. தொடக்கத்தில் 850 டொலராக இருந்த விலை பின்னர் 300 டொலருக்குங் கீழே இறங்கிற்று. பிரித்தானியா நீங்கலாகப் பேரரசின் ஏனைய நாடுகளுக்குப் போர்ட் வண்டிகளை விற்கும் உரிமை, 1904ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கனடாக் கிளைக்கே இருந்தது. ஆதலின் நம்மவர் "அமெரிக்கக் கார்" என்று வியந்து நோக்கிய வண்டிகள் பல, உண்மையிலே கனடா நாட்டிற் பிறந்தவை. அண்டை நாடான இந்தியாவிலே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928ஆம் ஆண்டில் பம்பாயிற் செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கிற்று.

அடுத்து வந்தது போர்க்காலத்து ஜீப். வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 640,000 ஜீப் வண்டிகளைச் செய்தன. 1944ஆம் ஆண்டு மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. மாத்தளையிலிருந்து ஏறத்தாழப் பதினாறு மைல் தொலைவிலே உலகப் போரின் ஒரு தலைமையகம் இயங்கியது என்பதை இன்றைய இளைஞர் எத்தனை பேர் அறிவர்? போர் முடிந்தபின் ஜீப்பின் வம்சம் அழியவில்லை. பம்பாயிலே மஹீந்திரா நிறுவனம் 1947ஆம் ஆண்டு தொட்டு அவ்வண்டியைப் பூட்டலாயிற்று. பழைய ஜீப்பிற்கு அண்டை நாட்டிலிருந்தே உதிரிப்பாகம் தேடும் வழி இதனாற் பிறந்தது.

இனி, இத்தகைய வண்டியை வீட்டிலே மீட்பது எவ்வாறு? முதற் படி பொறுமை. நெடுநாள் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் சுழற்ற முயலல் ஆகாது. சிலிண்டரினுள்ளே பிஸ்டன் துருவால் ஒட்டியிருக்கும். பலவந்தஞ் செய்தால் முறியும். தீப்பொறிக் கட்டைகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியே மெல்லிய எண்ணெயை விட்டு, நாட்கணக்கிலே ஊறவிடல் வேண்டும். பின்னர் கையாலே சிறிது சிறிதாக அசைத்துப் பார்த்தல் தகும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்துப் பெயர்ச்சீட்டுக் கட்டிவைத்தல் நன்று. இன்று கழற்றியவனுக்கு ஆறு மாதத்தின்பின் பூட்டும் வகை நினைவிலிராது.

இரண்டாவது, துருவின் இயல்பை அறிதல். அலுமினியத்தின் மேற்படியும் படலம் கெட்டியாகப் பொருந்தி அடிப்பொருளைக் காக்கும். இரும்பின் துருவோ பொருமி உதிர்வது. உதிர்ந்த இடத்திலே புதிய இரும்பைக் காற்றுக்கும் நீருக்கும் காட்டிக் கொடுப்பது. ஆதலின் துருவின்மேற் பூசிய வர்ணம் நில்லாது. கம்பித் தூரிகையாற் சுரண்டியும், எலுமிச்சையிலுள்ள அமிலத்தின் கரைசலில் ஊறவைத்தும், பொஸ்பரிக் அமிலம் பூசியும் துருவை நீக்குவர். தகடு ஓட்டையாகிவிட்ட இடத்தை வெட்டியெறிந்து, நல்ல தகட்டை ஒட்டுதல் வேண்டும். பட்டி பூசி ஓட்டையை மறைப்பவன் தன்னையே ஏமாற்றுகிறான். அடுத்த மாரியிலே உண்மை வெளிப்படும். பெற்றோல் தாங்கியை மட்டும் வீட்டிலே நெருப்புக் காட்டி ஒட்டலாகாது. வெறுந் தாங்கியில் எஞ்சிய ஆவியே வெடித்து உயிரைக் குடிக்கும். வண்டி ஓடுவதற்கு முன்னர் நிற்கக் கற்க வேண்டும்; ஆகவே பிரேக்கின் குழாய்களையும் இரப்பர்களையும் முதலிலே புதுப்பித்தல் கடன்.

இவ்வேலை சிலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் ஒரு நாடு முழுவதற்குமே இது வாழ்க்கையாகிய கதை கியூபாவில் நிகழ்ந்தது. 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் அமெரிக்கா அந்நாட்டுடனான வாணிகத்தைத் துண்டிக்கலாயிற்று; 1962ஆம் ஆண்டு பெப்ருவரியிற் தடை முழுமை பெற்றது. புதிய அமெரிக்க வண்டியோ உதிரிப்பாகமோ வரவில்லை. இருந்த செவர்லே, பியூக், டொட்ஜ் வண்டிகளையே கியூப மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். பல வண்டிகளின் உள்ளே இரஷிய எஞ்சின்கள் புகுந்தன. கிடைக்காத பாகத்தை வீட்டு முற்றத்திலே கடைந்தெடுத்தனர். பாதாம் பருப்பின் வடிவை நினைந்து அவ்வண்டிகளை "அல்மெந்த்ரோன்" எனச் செல்லமாக அழைத்தனர்.

கியூபா தொலைவிலுள்ளது. எமது மாத்தளை நகரூடாகச் செல்லும் பெருந்தெருவின் வடமுனையிலேயே அதற்கு ஒப்பான கதை நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அங்கே ஓடியவை அமெரிக்க வண்டிகளல்ல. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய ஆங்கில வண்டிகள். சிறு குப்பியில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகையும் நாற்றமுமாக வண்டி ஓடிற்று. நோயாளி வைத்தியசாலை சேர்ந்தார். மணமகள் மண்டபம் சேர்ந்தாள்.

இது எவ்வாறு இயன்றது? பழைய எஞ்சின்கள் எரிபொருளை ஏழு மடங்களவே அமுக்குவன. போர்க்கால ஜீப்போ ஆறரை மடங்கு. மண்ணெண்ணெய் போன்ற தாழ்ந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொள்ளும். பெரிதும் அமுக்கும் புதிய எஞ்சின்கள் அதனைப் பொறா. பழமை என்று இகழப்பட்டதே அன்று மக்களைக் காத்தது.

இவ்விடத்திலே ஒரு வினா எழுகின்றது. சேகரிப்போர் வண்டியை மீட்கும்போது, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே ஆணிவரை அமையவேண்டுமென்பர். அவர்களது உழைப்பை நாம் குறைத்துக் கூறோம். ஆயின் இரஷிய எஞ்சின் பூட்டிய செவர்லே செவர்லேதானா? மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 ஏ40தானா? ஆம் என்பதே எமது விடை. அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. எமது ஆலய வீதியே போதும்.

1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்திலே மாத்தளைத் தமிழர் கடைகள் எரிந்தன. ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயமும் தீங்குக்குள்ளாகி, அம்பாள் பவனி வந்த தேர்கள் தீக்கிரையாயின. அன்று கண்ணீர் விட்ட முதியோர் இன்னும் எம்மிடையே உளர். ஆயினும் அடியார் சோர்ந்திருந்தாரல்லர். ஆலயம் மீண்டது, புதிய தேர்கள் எழுந்தன, மாசிமகத்திலே பஞ்சரத பவனி மீண்டும் வீதியுலா வந்தது. மரம் புதிது, சிற்பம் புதிது, ஆணியும் புதிது. எனினும் வடம் பிடித்தோர் எவரும் "இது வேறு தேர்" என்றாரல்லர். பொருளின் தொடர்ச்சி அதன் மரத்திலும் தகட்டிலும் இல்லை. அதனைக் கைவிடாத மக்களிடமே உள்ளது.

அண்மைக் காலமும் இதனையே போதித்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020ஆம் ஆண்டில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திற்று. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ருவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திலே பழைய வண்டியின் விலை ஏறிற்று. அதனைச் செப்பனிடத் தெரிந்தவரின் மதிப்பும் ஏறிற்று. அதுவரை "கராஜ் வேலை படியாதவன் வேலை" என்று கூறியவரும் அவ்வாசலிலே காத்து நின்றனர்.

இளைஞர்களே! பல்கலைக்கழகம் புகுந்தோமென்று நாம் பெருமை கொள்கிறோம். எஞ்சினின் ஓசையைக் கேட்ட மாத்திரத்திலே நோயறியும் முதியவரின் கல்வி எந்நூலிலும் எழுதப்படவில்லை. அவர் மறையும் நாளில் அக்கல்வியும் மறையும். அதற்குத் துரு நீக்கும் மருந்தில்லை. சரசுவதி பூசையன்று ஏட்டுக்கும் சாவிக்கும் ஒரே சந்தனத்தைச் சாத்தும் சமயம் எமது சமயம். ஏட்டையும் கருவியையும் உயர்வு தாழ்வு பாராட்டிப் பிரித்தவர் நாமே.

ஆதலின் எமது சங்கத்திற்கு விண்ணப்பம் ஒன்று செய்கிறோம். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன், மாத்தளை, இறத்தோட்டை, உக்குவளை ஆகிய ஊர்களின் பழைய மோட்டார்த் தொழிலாளரை அங்கத்தவர்கள் இருவர் இருவராய்ச் சென்று காண்க. அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்க, கருவிகளைப் படமெடுக்க, இயலுமாயின் கொட்டிலிற் கிடக்கும் ஒரு வண்டியை அவர்களது சொற்கேட்டு நாமே மீட்போமாக. ஓடினால் மகிழ்ச்சி, ஓடாவிடினும் கற்றது எஞ்சும். பெரியோர் எமது துணிவைப் பொறுத்து, வழிகாட்டி, அம்பாளின் அருளை வேண்டி ஆசி கூறுவாராக.