வில்லியனூர் வரை வந்து பின்வாங்கிய மேஜர்!

2007 செப்டம்பர் 16. பாக்தாத், நிசூர் சதுக்கம். அமெரிக்க வெளியுறவுத் துறை ஆட்களுக்குக் காவலாகப் போனவர்கள் நடுரோட்டில் சுட ஆரம்பித்தார்கள். 17 இராக்கியப் பொதுமக்கள் செத்துப்போனார்கள். சுட்டவர்கள் அமெரிக்க ராணுவத்தினர் அல்ல. பிளாக்வாட்டர் என்கிற தனியார் கம்பெனியின் ஊழியர்கள். மாதச் சம்பளம், கான்ட்ராக்ட், இன்வாய்ஸ் எல்லாம் உண்டு. உலகம் திகைத்துப்போய்க் கேட்டது: கம்பெனிக்கு எதுக்குய்யா துப்பாக்கி?

பாகூர்க்காரர்களுக்கு இது பழைய கதை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற வழியில், மேற்கே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது பாகூர். பெரிய ஏரி, மூலநாதர் கோயில், சுற்றிலும் நெல் வயல். பல்லவர் காலத்தில் இங்கே ஒரு கல்லூரியே இருந்தது, அதற்குச் செப்பேட்டுச் சான்று இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் 1752-ல் இரண்டு கம்பெனிகள் மோதிக்கொண்டன. இரண்டு நாடுகள் அல்ல, இரண்டு கம்பெனிகள். ஏனென்றால், அந்த வருஷம் இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதானமாக இருந்தன! 1748-லேயே ஒப்பந்தம் போட்டாயிற்று. ஐரோப்பாவில் கை குலுக்கல், இங்கே கை கலப்பு.

அது எப்படி? ரொம்ப சுலபம். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். முகமது அலிக்கு இங்கிலீஷ் கம்பெனி 'உதவி' செய்தது. சந்தா சாகிபுக்கு பிரெஞ்சுக் கம்பெனி 'உதவி' செய்தது. கேட்டால், 'நாங்க எங்கே சண்டை போட்டோம்? நண்பருக்கு ஒத்தாசை பண்ணினோம்' என்று இரண்டு பேரும் கையை விரிப்பார்கள். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கில் செலவை வேறு தலைப்பில் எழுதுகிற வித்தை இது.

இந்த நாடகத்தில் பிரெஞ்சுத் தரப்பின் மூளை, புதுச்சேரி கவர்னர் டூப்ளே. அவரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் நிறையவே படித்திருப்பீர்கள். எதிர்த் தரப்பில் ராபர்ட் கிளைவ் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். கிளைவுக்குச் சண்டை சொல்லிக் கொடுத்த மனிதரைத்தான் நாம் மறந்துவிட்டோம். ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். வெள்ளைக்காரர்கள் எழுதிய வரலாறு இவரை 'இந்திய ராணுவத்தின் தந்தை' என்று அழைக்கிறது.

லாரன்ஸ் ஒன்றும் துள்ளுகிற இளைஞர் இல்லை. 1748 ஜனவரியில் கடலூர் தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையில் வந்து இறங்கியபோதே ஐம்பது வயது. ஜிப்ரால்டர், பிளாண்டர்ஸ், ஸ்காட்லாந்தின் கலோடன் என்று பல களங்கள் பார்த்தவர். வந்தார். கம்பெனியின் படையைப் பார்த்தார். நொந்துபோனார். அதுவரை கிடங்குக்குக் காவல் காத்துக்கொண்டிருந்த கூட்டம் அது. ஒழுங்கும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. லாரன்ஸ் அவர்களை கம்பெனி கம்பெனியாகப் பிரித்தார் (இது ராணுவக் கம்பெனி, குழப்பிக்கொள்ளாதீர்கள்). ஒவ்வொன்றுக்கும் அதிகாரி போட்டார். டிரில் வாங்கினார்.

அதே வருஷம் ஜூனில் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைத் திடீரென்று பிடிக்கப் படையோடு வந்தார்கள். லாரன்ஸ் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, கடலூரில் இருந்த பீரங்கிகளையும் ஆட்களையும் தேவனாம்பட்டினம் கோட்டைக்குக் கொண்டுபோனார். 'பயந்து ஓடிவிட்டான்' என்று எதிரிக்குச் சேதி போனது. இருட்டியதும் சத்தமில்லாமல் எல்லோரையும் திரும்பக் கூட்டி வந்துவிட்டார். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஜாலியாக வந்த பிரெஞ்சுப் படைக்கு மதில் மேலிருந்து குண்டு மழை. விழுந்தடித்துக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடினார்கள்.

இந்தத் தந்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

இரண்டு மாதம் கழித்து ஆகஸ்டில் நிலைமை தலைகீழ். இங்கிலீஷ் படை புதுச்சேரியை முற்றுகையிடப் போக, அரியாங்குப்பத்தில் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கினார். ஐரோப்பாவில் சமாதானம் ஆன பிறகுதான் விடுதலை. 1750-ல் இன்னொரு கூத்து. சம்பளத் தகராறில் வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கே போய்விட்டார்! அப்புறம் கம்பெனி இறங்கி வந்தது. 1752-ல் திரும்பி வந்தார். வந்த வேகத்தில் திருச்சி முற்றுகையை உடைத்தார். ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு ஓய்ந்திருப்பார்கள். டூப்ளே ஓயவில்லை. சென்னையிலிருந்து கடலூருக்குப் படகுகளில் வந்துகொண்டிருந்த, இங்கிலீஷ் கம்பெனிக்கு வேலை பார்த்த சுவிஸ் சிப்பாய்களை நடுக்கடலில் மடக்கிப் பிடித்தார். சமாதான காலத்தில் இது பச்சையான அத்துமீறல். அவருடைய உறவினர் கெர்ஜான் தலைமையில் ஒரு படை கடலூர்ப் பக்கம் நகர்ந்தது. லாரன்ஸ் கப்பலேறி வந்து சேர்ந்தார்.

லாரன்ஸிடம் 400 ஐரோப்பியர்கள், 1,700 சிப்பாய்கள், கூடவே நவாபின் படை ஒரு 4,000 பேர். கெர்ஜானிடம் 400 ஐரோப்பியர்கள், 1,500 சிப்பாய்கள், 500 குதிரைகள். லாரன்ஸ் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் கெர்ஜான் உஷாராகிவிட்டார். முதலில் பாகூர், பிறகு இன்னும் பின்னால் போய் வில்லியனூர். அங்கே புதுச்சேரியைச் சுற்றி வளர்த்திருந்த முள்வேலி இருந்தது. அதைத் தாண்டினால் பிரெஞ்சு மண். சமாதான காலத்தில் அதற்குள் நுழைய லாரன்ஸுக்கு அனுமதி இல்லை. கபடி ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு சிரிப்பவனை என்ன செய்ய முடியும்?

வேலியோரம் இருந்த காவல் முகாமைத் தட்டிப் பார்த்தார். கெர்ஜான் வெளியே வரவில்லை. சரி, பழைய தந்திரம்தான் என்று முடிவெடுத்தார். படையைத் திருப்பிக்கொண்டு, ஏதோ பதறிப்போனவர் மாதிரி அவசர அவசரமாகப் பாகூருக்குப் பின்வாங்கினார்.

கெர்ஜான் பின்னாலேயே வந்தார்! பாகூரிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் கூடாரம் அடித்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் கடலூரில் வாங்கிய அடி யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

பொழுது விடிவதற்கு முன் இருட்டில் லாரன்ஸ் படை கிளம்பியது. முன்னால் சிப்பாய்கள். இரண்டு பக்கச் சிப்பாய்களும் இருட்டில் முதலில் முட்டிக்கொண்டார்கள். வெளிச்சம் வந்தபோது இரண்டு ஐரோப்பியப் படைகளும் நேருக்கு நேர். அந்தக் காலத்து வழக்கப்படி இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சுடும், ஒரு பக்கம் கலையும், முடிந்தது கதை. இங்கே யாரும் கலையவில்லை. நெருங்கி நெருங்கி வந்து, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால், அதாவது பயனட்டால், குத்திக்கொண்டார்கள். பயனட்டோடு பயனட் மோதுவது ஐரோப்பியப் போர்களிலேயே அபூர்வம். கடைசியில் பிரெஞ்சு வரிசையின் நடுப்பகுதி உடைந்தது. பிறகு ஓட்டம்தான்.

துரத்திப் பிடிக்கவேண்டிய நவாபின் குதிரைப்படை என்ன செய்தது தெரியுமா? எதிரியின் கூடாரத்துக்குள் புகுந்து கொள்ளையடித்துக்கொண்டிருந்தது. அதனால் நிறையப் பேர் தப்பித்தார்கள். இருந்தாலும் கெர்ஜானும், 15 அதிகாரிகளும், சுமார் 100 ஐரோப்பியச் சிப்பாய்களும் மாட்டினார்கள். எட்டு பீரங்கிகளும் போயின.

தேதி விஷயத்தில் ஒரு வேடிக்கை. இங்கிலீஷ் கணக்கில் இது 1752 ஆகஸ்ட் 26. பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 6. பொய்யில்லை, இரண்டு பேரும் வேறு வேறு காலண்டர். சண்டை நடந்து ஒரே வாரத்தில் இங்கிலாந்தும் புதுக் காலண்டருக்கு மாறியது. செப்டம்பர் 2-க்கு மறுநாள் அங்கே செப்டம்பர் 14!

பாகூரின் விளைவு களத்தில் விழுந்த எண்ணிக்கையில் இல்லை. பிரெஞ்சுக்காரர்களோடு சேர 3,000 மராத்தியக் குதிரைவீரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் சேதி கேட்டார்கள். அப்படியே திரும்பி, நவாபிடம் போய், 'உங்களுக்கு உதவத்தான் வந்தோம்' என்றார்கள். ஜெயிக்கிற பக்கம் எது என்பதுதான் அன்றைய கூட்டணி தர்மம். (அன்றைய என்று ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.) டூப்ளேயின் கடன் வாங்கும் சக்தியும் அவர் மீது இருந்த நம்பிக்கையும் சேர்ந்தே சரிந்தன. 1754-ல் பாரிஸ் முதலாளிகள் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். லாபம் வராத மேனேஜரை வைத்துக்கொள்ள எந்தக் கம்பெனிக்கும் பைத்தியமா? 1760 ஜூலையில் வில்லியனூர் கோட்டையை அயர் கூட் பிடித்தார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது.

சரி, பாகூரில் செத்தவர்கள் யார்? அதிகாரிகளின் பெயர் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 3,200 சிப்பாய்கள் இருந்தார்களே, இருட்டில் முதலில் மோதியவர்கள், அவர்களில் ஒருவர் பெயரும் இந்தக் கதையில் வருவதில்லை. ஒரே மண்ணில் பிறந்தவர்கள். எந்த கம்பெனி சம்பளம் கொடுத்ததோ அந்தப் பக்கம் நின்றார்கள்.

பெயர் தெரிந்த சிப்பாய் ஒருவர் உண்டு. யூசுப்கான் என்கிற மருதநாயகம். திருச்சிப் போர்களில் லாரன்ஸின் கீழ் பணிபுரிந்தவர். அவரே சிபாரிசு செய்து, சிப்பாய்கள் எல்லோருக்கும் கமாண்டன்ட் ஆக்கினார். தங்கப் பதக்கமும் வந்தது. அந்த யூசுப்கான் மதுரையில் கம்பெனியை எதிர்த்து நின்றபோது, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள்.

1758-ல் சென்னையில் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகத் திரட்டினார்கள். வெலிங்டனில் தலைமையகம் வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வயதை அந்த வருஷத்திலிருந்துதான் எண்ணுகிறது. பிளாக்வாட்டர் கதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது. 2014-ல் நாலு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அந்த நாலு பேரையும் மன்னித்துவிட்டார்.

லாரன்ஸ் 1766-ல் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். கையில் சொத்து பெரிதாக இல்லை. கிளைவுக்குக் கம்பெனி வைரம் பதித்த வாள் பரிசளித்தபோது, 'லாரன்ஸுக்கும் கொடுத்தால்தான் வாங்குவேன்' என்று கிளைவ் அடம்பிடித்த பிறகுதான் இவருக்கும் ஒரு வாள் கிடைத்தது. 1775-ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கம்பெனி செலவில் நினைவுச் சின்னம் வைத்தார்கள். அதில் செதுக்கியிருப்பது திருச்சியைத்தான்.