சிக்கனமா, வரியா?

திருப்பூணித்துறையில் குடியேறி வாழும் நம்மவருள் மாதச் சம்பளக்காரர் பலர். சம்பளத்தில் பிடிக்கப்பெறும் வருமான வரிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவால் ஆங்கில அரசு பெருங்கடனில் ஆழ்ந்தது. வரவையும் செலவையும் ஒப்பச் செய்ய இலண்டனிலிருந்து வந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன், 1860இல் இவ்வரியைப் புகுத்தினார். ஆண்டுக்கு 200 ரூபாய் ஈட்டியவரும் தப்பவில்லை. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனோ, படைச் செலவைக் குறைத்தாலே போதும், புதுவரி வேண்டா என வாதிட்டார். அக்கருத்தை நாளிதழ்களில் வெளியிட்டமையால் பதவி இழந்தார். வில்சனும் அவ்வாண்டே கல்கத்தாவில் மறைந்தார்.

காலம் திரும்பியது. டிரெவெலியனே பின்னர் நிதி உறுப்பினராக வந்தார். 1865இல் அவ்வரி நின்றது. எனினும் 1886இல் நிலையாக மீண்டது.

வரி கேட்குமுன் செலவைச் சுருக்கினீரா? ஆளுநரின் பதவி போயிற்று. அவர் எழுப்பிய வினா போகவில்லை.