ஏ. ஜி. ரங்கராஜ்

ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் இந்தியத் தரைப்படையைச் சேர்ந்த மருத்துவர். கொரியப் போரில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் இரண்டாவது உயரிய விருதான மகா வீர் சக்ரா பெற்றவர். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் படைவீரர்களுள் ஒருவர். படைப்பணிக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் பணியாற்றினார்.

பாராசூட் படையில்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 அக்டோபரில் 50ஆவது இந்தியப் பாராசூட் படையணி அமைக்கப்பட்டது. அதன் 152ஆவது பட்டாலியனுக்கு லெப்டினன்ட் ரங்கராஜ் மருத்துவ அதிகாரியானார். இவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் முதன்முதலில் பாராசூட்டில் குதித்த இந்தியர்கள். 1944 மார்ச்சில் இப்படையணி மணிப்பூரின் சங்ஷாக் கிராமத்தில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டது. கோஹிமா நோக்கி வந்த ஜப்பானியப் படையை அங்கே சில நாட்கள் தடுத்து நிறுத்தியது, பின்னர் நடந்த கோஹிமாப் போருக்குப் பெரிதும் உதவியது.

கொரியாவுக்குப் பயணம்

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டபோது, ஐ.நா.வின் அழைப்பை ஏற்ற நேரு அரசு சண்டையிடும் படையை அனுப்பவில்லை. மருத்துவப் பிரிவு ஒன்றையே அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜின் தலைமையில் ஏறத்தாழ 340 பேர் கொண்ட 60ஆவது பிரிவு 1950 நவம்பர் 20 அன்று பூசான் துறைமுகத்தில் இறங்கியது.

போர்முனைக்குச் சற்றுப் பின்னால் கூடாரம் அடிப்பது, காயம்பட்டு வருபவர்களை நிலைமைக்கேற்பத் தரம் பிரிப்பது, இரத்தப்போக்கை நிறுத்துவது, உயிருக்கு ஆபத்தானால் அங்கேயே அறுவை சிகிச்சை செய்வது, பயணத்தைத் தாங்கக்கூடியவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகியவை இத்தகைய பிரிவின் வேலைகள். படை நகர்ந்தால் கூடாரமும் உடன் நகர வேண்டும்.

அந்த நகர்வுக்கான சோதனை உடனே வந்தது. சீனப் படைகளின் தாக்குதலால் 1950 டிசம்பர் தொடக்கத்தில் ஐ.நா. படைகள் பியாங்யாங்கைக் கைவிட்டுப் பின்வாங்கின. அப்போது அங்கிருந்த இந்தியப் பிரிவிடம் போதிய வண்டிகள் இல்லை. மாதக்கணக்கில் பயன்படக்கூடிய மருந்துகளையும் கருவிகளையும் விட்டுச் செல்ல ரங்கராஜ் இசையவில்லை. பழைய நீராவி எஞ்சின் ஒன்றையும் சில பெட்டிகளையும் தேடிப்பிடித்து, தம் வீரர்களைக் கொண்டே அதை இயக்கித் தெற்கே வந்து சேர்ந்தார். எதிரி தொடராதிருக்கத் தகர்க்கப்படவிருந்த ஆற்றுப் பாலத்தை ரயில் கடைசி நேரத்தில் கடந்தது.

அதன்பின் பிரிவு இரண்டாகப் பிரிந்தது. ரங்கராஜின் குழு 27ஆவது பிரிட்டிஷ் காமன்வெல்த் படையணியுடன் போர்முனைக்குச் சென்றது. மேஜர் என். பி. பானர்ஜி தலைமையிலான மற்றொரு குழு தேகு நகரில் தங்கி, கொரியப் படை மருத்துவமனைகளுக்கும் பொதுமக்களுக்கும் உதவியது.

டாமஹாக் நடவடிக்கை

1951 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படை, சியோலுக்கு வடக்கேயுள்ள முன்சானில் குதித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வீரர்களுடன் ரங்கராஜ் உட்பட 12 இந்தியர்களும் குதித்தனர். அறுவைக் கருவிகளும் மருந்துகளும் பாராசூட்டிலேயே இறக்கப்பட்டன. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அறுவைக்கூடம் அமைத்து, தொடர்ந்து வந்த நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தனர். பின்வரிசை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்திருக்கக்கூடிய பலர் இதனால் பிழைத்தனர்.

1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் ஏற்பட்ட பின்னரும் பிரிவு அங்கேயே இருந்து, போர்க்கைதிகளைப் பொறுப்பேற்ற இந்தியக் காவல் படைக்கு மருத்துவ உதவி அளித்தது. 1954இல் நாடு திரும்பியது. கொரியாவில் இருந்த காலம் முழுவதிலும் இப்பிரிவு சுமார் 2 லட்சம் பேருக்குச் சிகிச்சை அளித்ததாகக் கணக்கிடப்படுகிறது.

பெரியம்மை ஒழிப்பில்

1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ரங்கராஜ் ஆப்கானிஸ்தானில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார். மலைக் கிராமங்களுக்குச் சாலை கிடையாது. பெண்கள் அந்நிய ஆணிடம் கை நீட்டித் தடுப்பூசி போட்டுக்கொள்ளத் தயங்கினர். நோயாளியின் அம்மைப் பொருக்கைப் பொடித்துப் பிறர் தோலில் கீறி ஏற்றும் பரம்பரை வைத்தியர்கள் ஊர் ஊராகச் சென்றுவந்தனர். இம்முறையில் பெரும்பாலோர் பிழைத்தாலும் மெய்யான பெரியம்மைக் கிருமியே உடலில் ஏறுவதால், ஒருவரிடமிருந்து ஊர் முழுவதும் நோய் பரவ வாய்ப்பிருந்தது. இத்தனை தடைகளுக்கு நடுவிலும் 1972இல் அந்நாட்டில் பெரியம்மையின் உள்நாட்டுப் பரவல் முடிவுக்கு வந்தது.

விருதும் நினைவும்

கொரியப் பணிக்காக ரங்கராஜும் பானர்ஜியும் மகா வீர் சக்ரா பெற்றனர். பிரிவைச் சேர்ந்த வேறு சிலருக்கு வீர் சக்ரா கிடைத்தது. 1955 மார்ச் 10 அன்று ஆக்ராவில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பிரிவுக்குச் சிறப்புக் கோப்பை வழங்கினார். போர் தொடங்கிய 70ஆம் ஆண்டான 2020இல் தென்கொரிய அரசு ரங்கராஜைக் கொரியப் போர் நாயகர்களுள் ஒருவராக அறிவித்துச் சிறப்பித்தது. அவர் வழிநடத்திய பிரிவு இன்றும் செயல்படுகிறது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது இஸ்கெந்திரூன் நகரில் 30 படுக்கை மருத்துவமனை அமைத்து நடத்தியது.