ஆம்பிளையள் நூல் நூற்ற காலம்

ஒரு பெடியன் தச்சுவேலை பழகினால் "தொழில் தெரிஞ்ச பிள்ளை" எண்டு சொல்லுற ஊர், அதே பெடியன் பின்னல் ஊசியையோ பனையோலையையோ கையில எடுத்தால் சிரிக்கும். பாடசாலையில் மனைப்பொருளியல் எடுக்கிற ஆண்பிள்ளைக்கு வைக்கிற பட்டப்பெயர்கள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டும் கைவேலைதான். இரண்டுக்கும் அளவும் பொறுமையும் பழகின விரலும் வேணும். அப்ப அந்தச் சிரிப்பு எங்க இருந்து வருகுது?

"ஆண்பிள்ளைகளும் கைப்பணி பழக வேண்டும்" என்று இப்போது அடிக்கடி கேட்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் இது புதுப் பேச்சு இல்லை. நூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு பெரிய நாடு முழுவதும் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கான ஆண்கள், அதுவரை பெண்கள் மட்டும் செய்துவந்த ஒரு வேலைக்கு முன்னால் போய் இருந்தார்கள். அதில் என்ன நடந்தது, என்ன நடக்காமல் போனது என்று பார்த்தால் எங்களுக்கும் கொஞ்சம் தெளிவு வரும்.

நெய்பவன், நூற்பவள்

துணி நெய்வது இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் ஆண்களின் தொழில். அதற்கென்று சாதிகள் இருந்தன, தெருக்கள் இருந்தன, பேரம் பேசும் உரிமையும் ஓரளவுக்கு இருந்தது. ஆனால் தறிக்கு முதலில் நூல் வேண்டும். ஒரு தறி ஓடுவதற்குப் பல பேர் நூற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பல பேரும் பெண்கள். சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் வீட்டு மூலையில் இருந்து நூற்றார்கள். சங்கப் பாடல்களிலேயே நூல் நூற்பவள் பெண்தான், அதுவும் பல இடங்களில் துணையில்லாத பெண். ஆங்கிலத்தில் கலியாணம் கட்டாத பெண்ணைக் குறிக்கிற 'ஸ்பின்ஸ்டர்' என்ற சொல்லும் நூற்பவள் என்ற பொருளில் இருந்து வந்ததுதான்.

ஆகவே "கைப்பணி பெண்களுக்குரியது" என்ற கதையே பிழை. தச்சன், கொல்லன், தட்டான், குயவன், நெசவாளி, தையற்காரன் எல்லாரும் ஆண்கள்தானே. பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது கைப்பணிக்குள்ளேயே இருந்த ஒரு பகுதி. வீட்டுக்குள் செய்யக்கூடியது, இடையில் நிறுத்திவிட்டு எழும்பக்கூடியது, கூலி குறைந்தது. ஊர் சிரிக்கிறதும் அந்தப் பகுதிக்குள்ள ஒரு ஆம்பிளை போகேக்கதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை நூல் வந்ததும் முதலில் விழுந்தது இந்தப் பகுதிதான். நெசவாளிகளில் பலர் ஆலை நூலை வாங்கி நெய்து ஏதோ தப்பினார்கள். நூற்பவளுக்கு அந்த வழியும் இல்லை.

பரணில் கிடந்த இராட்டைகள்

1909 இல் எழுதிய நூலிலேயே காந்தி கைத்துணியைப் பற்றிப் பேசினார். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு தறியையோ இராட்டையையோ கண்ட ஞாபகமே தனக்கு இல்லை என்று பிறகு தன் சுயசரிதையில் எழுதுகிறார். அகமதாபாத்தில் ஆச்சிரமம் தொடங்கி நெசவு பழகியபோதும் நூலுக்கு ஆலையைத்தான் நம்பியிருக்க வேண்டி வந்தது. நூற்கத் தெரிந்த ஆளைத் தேடினார். அவருக்கு இராட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கங்காபென் மஜ்மூதார் என்ற விதவைப் பெண். பரோடா சமஸ்தானத்தின் விஜாப்பூரில் பல வீடுகளில் இராட்டை இருந்தது, ஆனால் உதவாத சாமானாகப் பரணில் கிடந்தது. யாராவது ஒழுங்காகப் பஞ்சுத்திரி தந்து, நூற்ற நூலையும் வாங்கிக்கொண்டால் திரும்ப நூற்கத் தயார் என்றார்கள் அந்தப் பெண்கள்.

இந்த இடத்தைக் கவனிக்க வேணும். கலை அழியவில்லை, விரலுக்கு மறக்கவும் இல்லை. மூலப்பொருளும் வாங்குவாரும் இல்லாததால் பரணுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அதே கதையில் இன்னொரு சின்னத் தகவலும் உண்டு. திரி செய்வதற்குப் பஞ்சு அடிக்கும் ஆள் ஒருவரைக் கங்காபென் பிடித்தார். அந்த மனிதர் மாதம் 35 ரூபா கேட்டார். அந்த நேரத்தில் எந்த விலையும் தனக்குக் கூடுதலாகத் தெரியவில்லை என்கிறார் காந்தி. இந்த 35 ரூபாவை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

"இது பொம்பிளையளின்ர வேலை"

இராட்டையைப் பெண்களிடம் திரும்பக் கொடுப்பதோடு காந்தி நிற்கவில்லை. ஆண்களும் நூற்க வேண்டும் என்றார். 1924 டிசம்பரில் பெல்காமில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், உறுப்பினராக இருப்பதற்குச் சந்தாக் காசுக்குப் பதிலாக மாதம் 2000 யார் நூல் என்ற விதி வந்தது. 2000 யார் என்றால் ஏறக்குறைய 1.8 கிலோமீற்றர். தினமும் அரை மணித்தியாலமாவது உட்கார்ந்தால்தான் சரிவரும்.

படித்த ஆண்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சில் கெட்டிக்காரர், சட்டத்தில் கெட்டிக்காரர், ஆனால் திரியை இழுத்தால் நூல் அறுகிறது. ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெல்லிசு. முறுக்கு ஏறினால் சுருள்கிறது, ஏறாவிட்டால் பிரிகிறது. எழுத்து வாசனையே இல்லாத ஒரு கிழவி செய்கிற வேலையைத் தங்களால் செய்ய முடியவில்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. அந்த நூலைத் தறியில் ஏற்ற வேண்டிய நெசவாளிகள் பட்ட பாடு வேறு.

நூற்பது ஆண்மைக்கு அழகில்லை என்று சொன்னவர்களுக்கு 1925 இல் காந்தி எழுதிய பதிலின் சாரம் இது: எந்தத் தொழிலும் ஒரு பாலுக்கு மட்டும் எழுதிவைக்கப்பட்டதில்லை. சமையல் பெண்களின் வேலை என்கிறீர்கள், தன் சாப்பாட்டைச் சமைக்கத் தெரியாத சிப்பாய் எதற்கு உதவுவான்? போர் ஆண்களின் வேலை என்கிறீர்கள், ஜான்சி ராணி யார்?

விதி நிலைக்கவில்லை. 1925 செப்டெம்பரில் பாட்னாவில் அதைத் தளர்த்தினார்கள். நாலணாக் காசு, அல்லது வருடத்துக்கு 2000 யார் நூல், விரும்பியதைக் கொடுக்கலாம். ஆனாலும் பழக்கம் பரவியது. சிறையில் இருந்த நேரு நூற்ற நூலில் நெய்த சேலையைத்தான் 1942 இல் மகள் இந்திரா கலியாணத்துக்கு உடுத்தினார். ஒரு தகப்பன் மகளுக்குத் தன் கையால் நூல் நூற்றுக் கொடுத்ததை யாரும் சிரிப்பாகப் பார்க்கவில்லை. அந்த அளவில் இது உண்மையான மாற்றம்தான்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த இராட்டை

1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்த முக்கிய நோக்கமே கதர் நிதி சேர்ப்பதுதான். மாதக் கடைசியில் யாழ்ப்பாணம் வந்தார். அந்த வருகைக்குப் பின்னால் நின்றவர்கள் எங்களை மாதிரி இளம் ஆட்கள். 1924 இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸ். ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். காற்சட்டையும் கோட்டும் மரியாதையாக இருந்த ஊரில் வேட்டியையும் உள்ளூர்ப் பொருளையும் அவர்கள் முன்வைத்தார்கள், சாதிப் பாகுபாட்டையும் எதிர்த்தார்கள். அவர்களின் 1931 மாநாட்டுக்குத் தலைமை தாங்க வந்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய். 1952 இல் அமைந்த அகில இந்தியக் கைப்பணிச் சபையின் தலைவராகி, அழிந்துகொண்டிருந்த எத்தனையோ கைப்பணிகளை மீட்டெடுத்தவர் அவர்தான். கைப்பணி பற்றிய பேச்சு எங்கட மண்ணுக்குப் புதிதில்லை எண்டு சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

இரண்டு விமர்சனங்கள்

தாகூர் 1925 இல் இராட்டை வழிபாட்டை எதிர்த்து எழுதினார். எல்லாரும் ஒரே வேலையை யோசிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தால் மனம் மழுங்கும் என்பது அவர் கவலை. அவர் கைப்பணிக்கு எதிரி இல்லை. 1922 இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் நெசவும் தோல்வேலையும் மரவேலையும் பழக்கினார். 1934 இல் ஹொரணையில் அவர் அடிக்கல் நாட்டிய ஸ்ரீபாளிதான் இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். கைவேலை ஒரு ஆளுக்குள் எதையாவது திறக்க வேண்டும், வெறும் கடமையாக வந்தால் திறக்காது என்பதுதான் அவர் சொன்னதன் பொருள் என்று நினைக்கிறோம்.

இரண்டாவது விமர்சனம் கூலி. ஆண்கள் அரை மணித்தியாலம் நூற்றபோது அதற்கு வேள்வி, தியாகம், நாட்டுத்தொண்டு என்று பெயர் கிடைத்தது. கிராமத்துப் பெண் நாள் முழுக்க நூற்றபோது கிடைத்தது ஓரிரு அணா. ஒரு ரூபாவுக்கு 16 அணா. மாதம் முழுக்க இருந்தாலும் நாலு ரூபா சேராது. பஞ்சு அடித்தவர் கேட்ட 35 ரூபாவை இதோடு வைத்துப் பாருங்கள். ஆண்கள் இராட்டைக்கு முன்னால் வந்ததால் இராட்டைக்கு மதிப்பு வந்தது, கொடியில் கூட ஏறியது. நூற்பவளின் கூலி மட்டும் ஏறவில்லை. கதர் மலிவாக விற்க வேண்டும் என்ற கவலையில் அந்தக் குறைந்த கூலியை யாரும் தொடவில்லை.

இதைக் கண்டுகொண்டவரும் காந்திதான். 1935 இல், நூற்பவர்களுக்கு வயிறு நிரம்பக் கூலி கொடுக்காத கதர் கதரே இல்லை என்ற நிலைக்கு வந்தார். எட்டு மணித்தியாலத்துக்கு எட்டணா என்பது அவர் வைத்த இலக்கு. துணி விலை ஏறும், விற்பனை விழும் என்று அவருடைய ஆட்களே பயந்தார்கள். கடைசியில் கூலி கூடியது, ஆனால் எட்டணாவுக்குப் பக்கத்தில் கூடப் போகவில்லை.

பிள்ளைகளிடம் போனபோது

1937 இல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டம் உருவானது. சாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டம் போட்டது. நூற்பு மாதிரி ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியாகக் கணக்கும் புவியியலும் படிப்பிப்பது. எல்லாப் பிள்ளைகளும் தக்ளி சுற்ற வேண்டும், ஆண் பெண் என்று இல்லை, இன்ன சாதி என்றும் இல்லை. எண்ணம் பெரியது.

ஆனால் 1953 இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்தது வேறு. பாடசாலை நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பனின் தொழிலைப் பழகட்டும் என்றார். வண்ணாரின் மகன் எதைப் பழகுவான், குருக்களின் மகன் எதைப் பழகுவான்? பெரியாரும் திராவிட இயக்கமும் இதைக் "குலக்கல்வி" என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954 இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். இலங்கையிலும் 1972 கல்விச் சீர்திருத்தத்தில் உள்ளூர்த் தொழில்களை வைத்துத் தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தன. சில வருடங்களில் அவையும் போய்விட்டன.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கைவேலையையும் தொட்டுப் பழகுவது விடுதலை. இன்னாருடைய பிள்ளை இன்ன வேலைதான் பழக வேண்டும் என்றால் அது பழைய சங்கிலி. விட்டுப் போகும் உரிமை உள்ளவன் பழகும்போதுதான் அது கலையாக இருக்கும்.

எங்கட பக்கம்

பனையையே எடுப்போம். மரத்தில் ஏறுவது ஆண்களின் வேலை, அதுவும் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலை. வெட்டி இறக்கிய சார்வோலையை வைத்துப் பெட்டி, கடகம், பாய், சுளகு, நீத்துப்பெட்டி என்று இழைக்கிற பன்னவேலை பெண்களின் வேலை. அதைத் 'தொழில்' என்று நாங்கள் சொல்லுறதும் குறைவு. "அம்மா சும்மா இருக்கேக்க இழைக்கிறவ" எண்டுதான் சொல்லுவம். சந்தையில் விலையும் அந்தச் 'சும்மா'வுக்கு ஏற்ற மாதிரித்தான். நூற்பவளின் கதையேதான் இது.

ஆகவே பெடியள் பன்னவேலை பழக வேணும், பின்னல் பழக வேணும், தைக்கப் பழக வேணும் எண்டு நாங்களும் சொல்லுறம். சிரிக்கிறவர்களுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் வரலாறு ஒரு எச்சரிக்கையும் தருகிறது. நாலு பெடியள் ஓலை இழைத்துப் படம் எடுத்துப் போட்டால் பாராட்டுக் குவியும். முப்பது வருசமாக இழைக்கிற அம்மாவுக்கு ஒரு கடகத்துக்குப் பத்து ரூபா கூடக் கிடைக்காமல் அந்தப் பாராட்டு முடிந்துவிடலாம். 1920களில் அதுதான் நடந்தது.

பழகப் போறவர்கள் முதலில் ஒரு கடகத்தைத் தாங்களே இழைத்து முடிக்கட்டும். சார்வோலை வாங்கினதுக்கு எவ்வளவு, வார்ந்து காயவைத்துச் சாயம் போட எவ்வளவு நேரம், இழைக்க எத்தனை மணித்தியாலம் எண்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். பிறகு சந்தையில் அந்தக் கடகத்தின் விலையைக் கேட்டு, மணித்தியாலத்துக்கு என்ன விழுகுது எண்டு பிரித்துப் பார்க்கட்டும். அந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட ஒருவன், அடுத்த முறை ஒரு அம்மாவிடம் "கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ" எண்டு கேட்க மாட்டான்.