அறைக்கேற்ற ஒலி: ஆடிசி, டிராக், ஒய்.பி.ஏ.ஓ – உங்கள் வீட்டுக்கு எது?

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களிடம் பேசினால் இரண்டு குறைகள் அடிக்கடி காதில் விழும். படத்தில் வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. பாட்டோ சண்டைக் காட்சியோ வந்துவிட்டால் ‘கும் கும்’ என்ற பேஸ் ஒலி மட்டும் ஹாலை நிரப்பிவிடுகிறது. வசனத்துக்காகப் பெரியவர்கள் ஒலியைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் மாறும்.

கடைக்குப் போனால் பதில் தயாராக இருக்கும்: “உங்கள் ரிசீவரில் உள்ள அறைத் திருத்தம் பழையது, டிராக் உள்ள மாடலுக்கு மாறிவிடுங்கள்.” அப்படி மாறுவதற்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகலாம். அந்தப் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், இந்தத் திருத்தம் எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது, ஒன்றுக்கொன்று எங்கே வேறுபடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அறை என்ன செய்கிறது?

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி நேராகவும் காதுக்கு வருகிறது. சுவர், தரை, கூரையில் பட்டுத் திரும்பியும் வருகிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் வேகத்தில் செல்லும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தில் ஓர் அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்தினால், அந்த ஒலி அங்கேயே தேங்கி நிற்கும். 4 மீட்டர் அகலமுள்ள ஹாலில் அது சுமார் 43 ஹெர்ட்ஸ். 5 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 35 ஹெர்ட்ஸ். 3 மீட்டர் உயரக் கூரைக்குச் சுமார் 58 ஹெர்ட்ஸ். இவை எல்லாம் சப்வூஃபர் வேலை செய்யும் எல்லைக்குள் வருபவை.

தேங்கும் ஒலி எல்லா இடத்திலும் ஒரே அளவில் கேட்காது. சுவரோரத்தில் பெருகும், அறையின் நடுவில் மெலியும். அதனால்தான் ஒரே வீட்டில், ஒரே படத்தில், சுவரை ஒட்டிய சோபாவில் இருப்பவருக்கு பேஸ் தாங்க முடியாததாகவும் நடுவில் அமர்ந்தவருக்குப் போதாததாகவும் இருக்கிறது.

வீட்டின் கட்டுமானமும் இதை மாற்றும். பழைய தோட்ட லயங்களின் பலகைச் சுவர் வழியே பேஸ் ஒலியின் ஒரு பகுதி வெளியேறிவிடும். தாமான் வீடுகளின் செங்கல் சுவரும் அடுக்குமாடியின் கான்கிரீட்டும் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். டைல்ஸ் தரையும் கண்ணாடிக் கதவும் சேர்ந்தால் வசனத்துக்கும் எதிரொலி கூடும்.

மைக் எப்படி அளக்கிறது?

எந்த நிறுவனத்தின் அறைத் திருத்தமாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே. ரிசீவருடன் வரும் சிறிய மைக்கை அமரும் இடத்தில் வைக்கிறோம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு சோதனை ஒலியை எழுப்புகிறது. அதைக் கேட்டு ரிசீவர் நான்கு வேலைகளைச் செய்கிறது. ஸ்பீக்கர்களின் தூரத்தைக் கணக்கிட்டு எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டச் செய்கிறது. எல்லாவற்றின் ஒலி அளவையும் சமப்படுத்துகிறது. எந்த எல்லைக்குக் கீழுள்ள ஒலியை சப்வூஃபருக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்கிறது. கடைசியாக, அறையால் பெருகிய ஒலிகளைக் குறைத்து, மெலிந்தவற்றை ஓரளவு கூட்டும் ஃபில்டர்களை அமைக்கிறது.

முதல் மூன்று வேலைகளை எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய நன்றாகவே செய்கின்றன. போட்டி நடப்பது நான்காவதில்.

ஆடிசி

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இருப்பது ஆடிசி. அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2002-இல் பிறந்த நிறுவனம் இது. திரையரங்க ஒலித் தரமான டிஎச்எக்ஸை உருவாக்கிய டாம்லின்சன் ஹோல்மன் இதன் நிறுவனர்களில் ஒருவர்.

மல்ட்ஈகியூ, மல்ட்ஈகியூ எக்ஸ்டி, மல்ட்ஈகியூ எக்ஸ்டி32 என்று இதில் படிநிலைகள் உண்டு. தொடக்கநிலை 6 இடங்களில் அளக்கும். மேல்நிலைகள் 8 இடங்களில் அளக்கும். பேஸ் ஒலியை நுணுக்கமாகத் திருத்துவது எக்ஸ்டி32. பெட்டியில் ‘ஆடிசி’ என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கக் கூடாது. எந்தப் படிநிலை என்று கேட்க வேண்டும்.

ஆடிசியுடன் வரும் டைனமிக் ஈகியூ இரவில் படம் பார்ப்பவர்களுக்குப் பயன்படும். ஒலியைக் குறைக்கும்போது நம் காதுக்கு பேஸ் ஒலி மற்றவற்றைவிட வேகமாக மறைகிறது. அந்தக் குறையை இது ஈடுகட்டும். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு பேஸ் அதிகமாகத் தெரிந்தால், அதன் ‘ஆஃப்செட்’ அமைப்பை 10 டெசிபலுக்கு மாற்றலாம். சில மாடல்களில் எல்எஃப்சி என்ற வசதியும் உண்டு. அது சுவரைக் கடந்து பக்கத்து வீட்டுக்குச் செல்லும் தாழ்ந்த ஒலிகளைக் குறைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது.

ஆடிசி தானாகச் செய்த திருத்தத்தை ரிசீவரில் அதிகம் மாற்ற முடியாது. சுமார் 20 அமெரிக்க டாலருக்குக் கிடைக்கும் கைப்பேசிச் செயலியை வாங்கினால், எந்த ஹெர்ட்ஸ் வரை திருத்த வேண்டும் என்று நாமே எல்லை வகுக்கலாம். வசனம் ஒலிக்கும் நடுப்பகுதியில் ஆடிசி வேண்டுமென்றே வைக்கும் ஒரு சிறு பள்ளத்தையும் நீக்கலாம். வசனம் மங்கலாக இருக்கிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

டிராக் லைவ்

டிராக், ஸ்வீடனின் உப்சாலா நகரில் 2001-இல் தொடங்கப்பட்டது. ஒலியின் அளவோடு, அது காதை எட்டும் நேர ஒழுங்கையும் திருத்துவது இதன் சிறப்பு. அளவீட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வரைபடத்தைத் திரையில் காட்டும். நாம் விரும்பும் கோட்டை விரலால் இழுத்து அமைக்கலாம். சோபா வரிசைக்கு ஏற்ப 9 முதல் 17 இடங்கள் வரை அளக்கச் சொல்லும். கைப்பேசியோ கணினியோ தேவை, பொறுமையும் தேவை.

ஓன்கியோவின் அண்மைக்கால நடுத்தர, மேல்நிலை மாடல்கள் பலவற்றில் டிராக் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. என்ஏடி, ஆர்காம் நிறுவனங்களும் தருகின்றன. டெனான் எக்ஸ்3800எச் போன்ற மாடல்களில் 2023 முதல் தனிக் கட்டணத்தில் கிடைக்கிறது. 500 ஹெர்ட்ஸ் வரை மட்டும் திருத்தும் உரிமம் 259 டாலர், முழு அளவுக்கு 349 டாலர் என்று அது அறிமுகமானது. பல சப்வூஃபர்களை ஒன்றிணைக்கும் பேஸ் கன்ட்ரோலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே, ‘டிராக் உண்டு’ என்று விற்பனையாளர் சொன்னால், அது உள்ளேயே இருக்கிறதா, பிறகு பணம் கட்டித் திறக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

ஒய்.பி.ஏ.ஓ

இது யமஹாவின் சொந்தத் தயாரிப்பு. விலை குறைந்த மாடல்கள் ஒரே இடத்தில் அளந்து முடித்துவிடும். மேல்நிலை மாடல்களில் 8 இடங்கள் வரை அளக்கலாம். ஆர்எஸ்சி என்ற பெயருள்ள வகை, சுவரில் பட்டு முதலில் திரும்பும் ஒலியையும் கருத்தில் கொள்கிறது. முடிவை ஃப்ளாட், ஃப்ரண்ட், நேச்சுரல் என்று மூன்று விதமாகத் தரும். ‘ஃப்ரண்ட்’ என்பது முன் ஸ்பீக்கர்களின் குணத்துக்கு மற்றவற்றைப் பொருத்துவது. ‘நேச்சுரல்’ கூர்மையான ஒலியைச் சற்று மென்மையாக்குவது. பல மாடல்களில் திருத்தத்தை நகலெடுத்து, திரையிலேயே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கையால் மாற்றலாம். அதற்குக் கூடுதல் செலவில்லை. பயன்படுத்த எளிது. பேஸ் ஒலியை நுணுக்கமாகத் திருத்துவதில் எக்ஸ்டி32, டிராக் ஆகியவற்றின் கை ஓங்கியிருக்கிறது.

மற்றவை

பயனியரின் எம்சிஏசிசி, ஓன்கியோவின் அக்யூஈகியூ, சோனியின் டிசிஏசி ஆகியவை அந்தந்த நிறுவனத்தின் சொந்த முறைகள். இடத்தையும் அளவையும் ஒழுங்குபடுத்த இவை போதும். கனடாவின் ஆந்தம் நிறுவனம் தரும் ஏஆர்சி, பேஸ் ஒலியைக் கட்டுப்படுத்துவதில் பேர் பெற்றது. நான்கு மைக்குகளை ஒரே தண்டில் வைத்து அளக்கும் பிரான்ஸ் நாட்டின் டிரின்னோவ், தனித் திரையரங்கு அறை கட்டுபவர்களின் விலையில் இருக்கிறது.

எந்தத் திருத்தத்தாலும் முடியாதவை

அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருந்தால், அங்கே ஒலியைக் கூட்டிப் பயனில்லை. 6 டெசிபல் கூட்ட 4 மடங்கு மின்திறன் தேவை. 10 டெசிபலுக்கு 10 மடங்கு. அவ்வளவும் செலவழித்தாலும் அழிவதும் அதே அளவு கூடும். சோபாவை ஓரடி நகர்த்துவதும் சப்வூஃபரை இடம் மாற்றுவதும்தான் அதற்கு மருந்து.

டைல்ஸ் தரையின் எதிரொலியையும் ஃபில்டர் அகற்றாது. தரைவிரிப்பும் கனமான திரைச்சீலையும் புத்தக அலமாரியும் அந்த வேலையைச் செய்யும். சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர். விரல் நீள அட்டை அதை ஒன்றும் செய்யாது. தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

ஏறக்குறைய 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறை ஆட்சி செய்கிறது; அதற்கு மேலே ஸ்பீக்கரின் தரம் ஆட்சி செய்கிறது. ஒலியியல் அறிஞர் ஃபிலாய்ட் டூல் பல்லாண்டுகளாக வலியுறுத்துவது இதையே. நல்ல ஸ்பீக்கரின் மேல் ஒலிகளைத் திருத்தப்போய், இருந்ததையும் கெடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 2009-இல் ஷான் ஒலிவ் குழுவினர் நடத்திய கேட்புச் சோதனையில், சோதிக்கப்பட்ட திருத்தங்களில் சில ‘திருத்தமே இல்லாத’ ஒலியைவிட மேலாக மதிப்பிடப்படவில்லை. எனவே அளந்து முடித்ததும் திருத்தத்தை அணைத்தும் போட்டும் பழக்கமான ஒரு படத்தைக் கேட்டுப் பாருங்கள். காதுக்குப் பிடிக்காவிட்டால் எல்லையை 300 ஹெர்ட்ஸோடு நிறுத்தலாம்.

சரியாக அளப்பது எப்படி?

திருத்தம் சரியில்லை என்று சொல்லப்படும் வீடுகளில், அளவீட்டை மீண்டும் ஒருமுறை ஒழுங்காகச் செய்வதே பெரிய மாற்றத்தைத் தரும்.

மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள். சோபாவின் சாய்மானத்தில் வைக்காதீர்கள். கேமரா முக்காலியில், காது உயரத்தில், மேல்நோக்கி வையுங்கள். ஏர்கோன், காற்றாடி, குளிர்பதனப் பெட்டி மூன்றையும் நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது அளக்க வேண்டாம். ஆடிசியில் முதல் இடம் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடமாக இருக்க வேண்டும். தூரமும் அளவும் அதைக் கொண்டே கணக்கிடப்படும். மற்ற இடங்களை அதைச் சுற்றி, சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

சப்வூஃபரின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முடிவில் அதன் தூரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம். உள்ளிருக்கும் மின்சுற்று எடுக்கும் தாமதமும் அதில் சேர்ந்திருக்கிறது. ‘ஃபேஸ்’ எச்சரிக்கை வந்தால் வயரின் சிவப்பு, கறுப்பு முனைகளைப் பாருங்கள். சரியாக இருந்தால் தொடரலாம். சில ஸ்பீக்கர்களின் அமைப்பே அந்த எச்சரிக்கையை வரவழைக்கும்.

ரிசீவர் சில ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று குறித்திருந்தால் ‘ஸ்மால்’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். வசனம் இன்னும் மெலிதாக இருந்தால் நடு ஸ்பீக்கரை 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அந்த ஸ்பீக்கர் தொலைக்காட்சி அலமாரிக்குள் ஆழமாகச் செருகப்பட்டிருந்தால் முன்னே இழுத்து வையுங்கள்.

பழைய ரிசீவர் வாங்குகிறவர்கள் அதன் மைக் கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மைக் மற்றொன்றின் ரிசீவருக்குப் பொருந்தாது; அளவு தவறும்.

யாருக்கு எது?

வீட்டில் ஏற்கெனவே ஆடிசியோ ஒய்.பி.ஏ.ஓ-வோ இருந்தால், முதலில் சோபாவையும் சப்வூஃபரையும் நகர்த்திப் பார்த்து மறுபடி அளந்துகொள்ளுங்கள். டெனான், மராண்ட்ஸ் வைத்திருப்பவர்கள், தங்கள் மாடல் ஆதரித்தால் அந்த 20 டாலர் செயலியை முயன்று பார்க்கலாம்.

புதிதாக வாங்குபவர்களில், அமைப்புகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு எக்ஸ்டி32 உள்ள டெனானோ 8 இட அளவீடு உள்ள யமஹாவோ போதும். வரைபடம் பார்த்துத் தாமே வடிவமைக்க விரும்புகிறவர்களுக்கு டிராக் உள்ளேயே அடங்கிய ஓன்கியோ பொருந்தும். இரண்டு சப்வூஃபர், செவ்வகமற்ற ஹால், பல வரிசை இருக்கை என்றிருப்பவர்களுக்கு டிராக்கின் கட்டண வசதிகள் பயன் தரும்.

தீபாவளி போனஸில் ஒதுக்கிய தொகை ஒன்றுதான் என்றால், தரைவிரிப்பும் திரைச்சீலையும் முதலில், இரண்டாவது சப்வூஃபர் அடுத்து, புதிய ரிசீவர் கடைசியில் என்று செலவை வரிசைப்படுத்துங்கள். இரண்டு சப்வூஃபர்களை அறையின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால் இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாடு குறையும். அதன் பிறகு எந்த நிறுவனத்தின் மைக்கை வைத்தாலும், அதற்குத் திருத்த வேண்டிய வேலை குறைவாகவே இருக்கும்.