ஓர் இதழில் பிறந்த குற்றச்சாட்டு

கார்ல் யுங் யூத வெறுப்பாளரா? ஆழ்மன உளவியலுக்கு வழி வகுத்தவரை இன்றுவரை விடாமல் துரத்தும் இந்தக் கேள்வி, 1933 டிசம்பரில் வெளிவந்த ஒரு மருத்துவ இதழில் கருக்கொண்டது.

அந்த ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே மாதம் பெர்லினில், யூதரான உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் நூல்கள் தீயில் வீசப்பட்டன. ஜெர்மனியில் இயங்கிய உளமருத்துவர் சங்கத்தின் தலைவர் எர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் விலகிக்கொள்ள, சுவிஸ்காரரான யுங் அந்தப் பொறுப்பை ஏற்றார். சங்க இதழின் ஆசிரியரும் ஆனார்.

டிசம்பர் இதழைப் புரட்டினால், ஜெர்மானிய உளவியலும் யூத உளவியலும் வேறுவேறு, அந்த வேறுபாட்டை இனி மூடி மறைக்கக் கூடாது என்கிறார் யுங். இதனால் யூத உளவியல் தாழ்ந்ததாகிவிடாது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதே இதழில் சங்கத்தின் ஜெர்மன் கிளைத் தலைவர் மத்தியாஸ் கோரிங்கின் அறிக்கையும் இருக்கிறது. ஹிட்லரின் ‘மைன் காம்ப்’ நூலை உறுப்பினர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுமாம். அந்த அறிக்கை தனக்குத் தெரியாமல் நுழைந்துவிட்டது என்றார் யுங்.

முதல் எதிர்ப்புக் குரல் சுவிட்சர்லாந்துக்குள்ளிருந்தே எழுந்தது. 1934 பிப்ரவரி 27 அன்று ‘நொய்யே சூர்ச்சர் சைட்டுங்’ நாளிதழில் மனநல மருத்துவர் குஸ்தாவ் பாலி, நாஜிகளுக்கு அடங்கிப்போன இதழின் ஆசிரியராக இருந்துகொண்டு இனப் பிரிவினை பேசலாமா என்று கேட்டார். ஜெர்மனியில் உளமருத்துவத்தைக் காப்பாற்றத்தான் பொறுப்பேற்றேன் என்று யுங் மார்ச்சில் பதில் எழுதினார். அதில் உண்மை உண்டு: ஜெர்மன் கிளையில் ஒதுக்கப்பட்ட யூத மருத்துவர்கள், சர்வதேச அமைப்பாக மாற்றப்பட்ட சங்கத்தில் தனி உறுப்பினராகச் சேர அவர் வழி செய்தார். ஆனால், ஆரிய ஆழ்மனத்துக்கு யூத ஆழ்மனத்தைவிட ஆற்றல் அதிகம் என்று அதே ஆண்டில் எழுதியவரும் அவர்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946இல், நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து உயிர் தப்பிய யூத மதகுரு லியோ பேக் சூரிச் வந்தார். யுங்கைப் பார்க்க அவருக்கு மனமில்லை. யுங்கே விடுதிக்குத் தேடிப் போனார். இரண்டு மணி நேரம் பேச்சு சூடாக நடந்தது. முடிவில், தான் வழுக்கிவிட்டதை யுங் ஒப்புக்கொண்டார். பேக் சமாதானமானார். இதை 1963இல் ஒரு கடிதத்தில் பதிவு செய்தவர் யூத அறிஞர் கெர்ஷோம் ஷோலெம்.

புத்தகங்கள் எரிந்த நாட்டில் ‘வேறுவேறு’ என்ற சொல் வெறும் ஆராய்ச்சிச் சொல்லாக இருக்க முடியாது. மனித மனத்தின் இருட்டை அறிந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எழுதியது ஊரறிய அச்சில். ஒப்புக்கொண்டது விடுதி அறையின் நான்கு சுவருக்குள். குற்றச்சாட்டு இன்னும் உயிரோடிருப்பது அதனால்தான்.