மூச்சு கைவசமான பிறகு

குடல் மார்புக்குள் ஏற வழிவிடும்படி உதரவிதானத்தில் பிறவியிலேயே இருக்கும் ஓட்டை மருத்துவத்துக்குப் புதிதல்ல. முன்பக்கத்து ஓட்டையை இத்தாலியின் மோர்கான்யி 18-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தார். பின்பக்கத்து ஓட்டையைப் பிராக் நகரின் போக்டாலெக் 1848-இல் விவரித்தார். ஆனால் பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்கு அதைத் தைத்துப் பிழைக்கவைக்க பாஸ்டனின் ராபர்ட் கிராஸ் வரும் 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்துக்குக் கத்தியைவிட மூச்சே பெரிய காரணம் என்பேன். மார்பைத் திறக்கும்போது உள்ளே வெளிக்காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். தானாக மூச்சிழுக்கும் நோயாளி மேசையிலேயே திணறிப்போவார்.

1904-இல் பிரெஸ்லாவில் சௌவர்புருக் கண்ட வழி, காற்றழுத்தம் குறைந்த ஓர் அறையையே கட்டுவது. நோயாளியின் தலை மட்டும் வெளியே. உடலும் மருத்துவர்களும் உள்ளே. அத்தனை பெரிய ஏற்பாடு தேவையில்லை, மூச்சுக்குழாய்க்குள் காற்றைச் செலுத்தினாலே போதும் என்று 1909-இல் நியூயார்க்கில் மெல்ட்சரும் ஆவரும் விலங்குகளில் காட்டினார்கள். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக மேகிலும் ரோபாத்தமும் குழாய் போடும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். 1942-இல் மான்ட்ரியலில் கிரிஃபித் குராரே என்ற மருந்தால் தசைகளைத் தளர்த்தினார். அதன் பின் நோயாளியின் மூச்சு மயக்க மருத்துவரின் கைக்கு வந்தது.

வயிற்றைத் திறந்தே இந்த ஓட்டையைத் தைக்கலாமே, அதற்கு மார்பைத் திறக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அப்படித் தைத்தவர்களும் உண்டு. ஆனால் மேலே ஏறிய குடலைக் கீழே இழுத்ததும் அதே ஓட்டை வழியாகக் காற்று மார்புக்குள் புகும். எக்ஸ்-ரே வந்ததுதான் திருப்பம் என்போரும் உண்டு. நோயைக் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவியது உண்மை; கண்டுபிடித்த நோயாளியை மேசையில் காப்பாற்ற அது போதவில்லை.

பெரியவர்களிடம் இந்த வரலாறு இன்னொரு முடிச்சைப் போடுகிறது. அவர்களுக்கு நுரையீரல் பெரும்பாலும் வளர்ந்தே இருக்கும். ஓட்டை பல ஆண்டுகள் தெரியாமலிருந்து, குடல் நெரிபடும்போது வெளிப்படும். அப்போது உயிர்காத்த அதே காற்றழுத்தம் ஆபத்தாகிறது. முகமூடி வழியே அழுத்தினால் மார்புக்குள் ஏறிய இரைப்பை உப்பி நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். அதனால்தான் முதலில் இரைப்பையைக் குழாயால் வடித்து, தலையை உயர்த்தி, ஆக்சிஜனை நிறையச் சுவாசிக்கவைத்து, முகமூடியால் ஊதாமல் விரைவாக மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்துகிறார்கள். மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு அடைபட்ட குடலுக்குள் புகுந்து அதை உப்பவைக்கும் என்று ஈகரும் சைட்மனும் 1965-இல் எச்சரித்ததால் அதையும் தவிர்க்கிறார்கள். குடலை இறக்கிய பிறகும் அவசரம் கூடாது: நெடுநாள் ஒடுங்கிக் கிடந்த நுரையீரலை ஒரே மூச்சில் விரித்தால் அதில் நீர் கோத்துவிடும்.